மீன் இல்லாத சௌமீன்

ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த தேயிலை எஸ்டேட்டின் சரிவில் கொழுந்துச் சாக்கோடு இறங்கிய பிலோமி கால் வழுக்கி விழுந்தாள். சாக்கை விட்டிருந்தால் தப்பியிருப்பாள். காலையிலிருந்து நனைந்துகொண்டே பறித்த கொழுந்தை அப்படி உருட்டிவிட மனசு வரவில்லை. வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. பின்னால் வந்த பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள்தான் சாக்கையும் தூக்கிக்கொண்டு அவளையும் கைத்தாங்கலாக எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மாவுக்கட்டுப் போட்ட மலையாளத்து நர்ஸ், "கை அனக்கருது, கேட்டோ" என்று விரலை ஆட்டிச் சொன்னாள். அசைக்கக்கூடாது, ஓணம் கழிகிற வரைக்கும் கொழுந்துக்குப் போகவும் கூடாது.

அன்றைக்கு அவள் புருஷன் பாஸ்கல் வீடு திரும்பியபோது பிலோமி கையைத் துணியால் கழுத்தில் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு பாயில் சாய்ந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் சுருளியம்மாள் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. பெரியவள் புஷ்பமேரி ஏழாம் வகுப்பு. சின்னவன் ஏசுதாஸ் மூன்றாம் வகுப்பு.

பாஸ்கல் கட்டைத் தொட்டுப் பார்த்தான். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டான். மருந்து கொடுத்தார்களா, சாயந்திரம் என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தான். அதில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னான்:

"மேரிய நாளைலேர்ந்து பள்ளிக்கூடத்த நிப்பாட்டிரு. கை சரியாகிற மட்டும் அவ சோறு பொங்கட்டும்."

அதை அவன் கோபமாகவோ அதிகாரமாகவோ சொல்லவில்லை. மழை வந்தால் துணியை உள்ளே எடுத்துப் போடு என்பது போலச் சொன்னான். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்து வீடுகளில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலும் பிரசவம் என்றாலும் மூத்த பெண்ணைத்தான் நிறுத்துவார்கள். பிலோமியையும் அப்படித்தான் நிறுத்தினார்கள், தம்பி பிறந்தபோது. ஒரு மாதம் என்று சொல்லி நிறுத்தியது. பிறகு யாரும் போகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"ஓணப் பரீட்சை வருது. அவ போகட்டும்" என்றாள் பிலோமி.

"அப்ப யாரு பொங்குறது? சுருளியம்மா எத்தன நாளைக்குத் தருவா?"

"நீங்க பொங்குங்க."

பாஸ்கல் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

அவன் எஸ்டேட் மேனேஜரான பெரிய தொரையின் பங்களாவில் குசினிக்காரன். அதாவது சமையல் அவன் பொறுப்பு. பன்னிரண்டு வயதில் பாத்திரம் கழுவப் போய்ச் சேர்ந்தவன், இரண்டு வெள்ளைக்காரத் தொரைகளுக்குச் சமைத்து, அவர்கள் போனபின் வந்த கல்கத்தாக்காரத் தொரைக்கும் சமைக்கிறான். கோழியை முழுசாகச் சுடுவான், கேக் செய்வான், பேர் தெரியாத சூப்பெல்லாம் வைப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது மற்ற ஆண்கள் அவனிடம் அந்தக் கதைகளைக் கேட்பார்கள். பிலோமிக்கும் எல்லாப் பெயரும் தெரியும். ஒன்றையும் அவள் ருசி பார்த்ததில்லை. அவன் சட்டையைத் துவைக்கும்போது வெண்ணெயும் பூண்டும் மணக்கும், அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. வீட்டில் அவன் அடுப்புப் பக்கம் வந்ததே இல்லை, பீடி பற்ற வைக்க நெருப்பெடுப்பதைத் தவிர.

"மத்தியானம் தொரை சாப்பிட்டு முடிச்சதும் சாயந்திரத் தேத்தண்ணி வரைக்கும் உங்களுக்குச் சும்மாதான? அந்த நேரத்துல வந்து வச்சிட்டுப் போங்க. நான் சொல்லித் தாரேன்."

"நீ எனக்குச் சொல்லித் தாறியா?"

"பங்களா அடுப்பு வேற, இது வேற."

அவள் சொன்னது சரியாகவே இருந்தது. பங்களாக் குசினியில் விறகைப் பிளந்து காய வைத்து அடுக்கி வைக்க ஓர் ஆள். வெங்காயம் உரிக்க இன்னோர் ஆள். அங்கே பாஸ்கல் நின்றுகொண்டு சமைப்பான். இங்கே குந்தி உட்கார வேண்டும். மறுநாள் மத்தியானம் வந்து அடுப்பைப் பற்ற வைக்க முயன்றான். விறகு மழையில் நமுத்துக் கிடந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்து, புகையில் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். எதிரே சாக்குப் படுதாவைத் தலையில் போட்டுக்கொண்டு போன சுடலை, சுருளியம்மாளின் புருஷன், நின்று பார்த்தான்.

"என்னப்பா பாஸ்கலு, வீட்டுலயும் டூட்டி போட்டுட்டாங்களா?"

பாஸ்கல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கதவைச் சாத்தியதும் புகை போக வழியில்லாமல் இன்னும் மோசமாயிற்று.

"கவாத்துக் குச்சி மேல பரண்ல இருக்கு, காஞ்சது. அத முதல்ல வைங்க" என்று பாயிலிருந்தே சொன்னாள் பிலோமி. தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது கிடைக்கும் குச்சிகள் அவை. ஒரு பிடி வைத்ததும் குப்பென்று பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு அவன் வைத்த குழம்பு தண்ணீராக இருந்தது. தொரைமாருக்குக் காரம் ஆகாது என்று பழகிய கை, மிளகாயைத் தொட்டும் தொடாமலும் போட்டிருந்தது. அதைவிடக் கஷ்டம் அரிசி. நாடு முழுக்க அரிசித் தட்டுப்பாடாக இருந்த வருஷங்கள் அவை. எஸ்டேட் ரேஷனில் அரிசியைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் கோதுமையை அளந்து போட்டார்கள். அதை என்ன செய்வதென்று லயத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கஞ்சி வைத்தால் பிள்ளைகள் முகத்தைத் திருப்பும். ரொட்டி சுட்டால் ஆறியதும் தோல் மாதிரி இழுக்கும். பிலோமி பாதியைக் கோழிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்கல் அந்த வாரம் முழுக்கக் கோதுமைக் கஞ்சியும் தண்ணீர்க் குழம்புமாக வைத்தான். ஏசுதாஸ் ஒரு நாள் தட்டை அப்படியே வைத்துவிட்டு, "அம்மா, உனக்கு எப்பம்மா கை சரியாகும்?" என்று கேட்டான்.

அதைப் பாஸ்கல் காதில் வாங்கினான். மூன்று தொரைகளுக்குச் சமைத்தவன். முகம் சுருங்கிப் போயிற்று. பிலோமிக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமைகளில் தொரையும் தொரைசாணியும் கிளப்புக்குப் போய் அங்கேயே சாப்பிட்டுவிடுவார்கள். அன்றைக்கு சாயந்திரத் தேத்தண்ணியோடு பாஸ்கலுக்கு வேலை முடிந்துவிடும். வழக்கமாகச் சுடலை வீட்டில் சீட்டு விளையாடிவிட்டு வருவான். அந்தப் புதன்கிழமை நேரே வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு முட்டைக்கோசும் இரண்டு கேரட்டும், காகிதத்தில் சுற்றிய வெங்காயத்தாளும் இருந்தன. பங்களாத் தோட்டக்காரனிடம் கேட்டு வாங்கியது என்று தானாகவே சொன்னான்.

"கோதுமை மாவு எங்க இருக்கு?"

"கஞ்சி வேணாங்க. பிள்ளைங்க குடிக்க மாட்டேங்குது."

"கஞ்சின்னு நான் சொன்னேனா? மாவக் காட்டு."

அவன் குரலில் ஏதோ மாறியிருந்தது. பிலோமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாள். மாவைப் பழைய வேட்டித் துணியில் போட்டுச் சலித்துத் தவிட்டை ஒதுக்கினான். கோழிக்கூட்டில் கைவிட்டு முட்டை எடுத்து வந்து, மாவில் குழி பறித்து உடைத்து ஊற்றினான். உப்புப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தான். உள்ளங்கையால் அழுத்தி, மடித்து, திரும்ப அழுத்தி. அந்தக் கைகளை அவள் இவ்வளவு நாள் பார்த்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. சாப்பிடுகிற கையும் பீடி பிடிக்கிற கையும்தான் தெரியும். இது வேறு ஆளின் கை மாதிரி இருந்தது.

பலகையைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு காலிப் பாட்டிலை உருட்டி மாவை மெல்லிசாகத் தேய்த்தான். மேலே மாவு தூவி, சேலை மடிப்பது போல மடித்து, கத்தியால் நறுக்கினான். உதறியபோது நீளநீளமாகப் பிரிந்து விழுந்தது. எழுதிக்கொண்டிருந்த புஷ்பமேரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னப்பா இது? இடியாப்பமா?"

"சௌமீன். சீனாக்காரன் பலகாரம். கல்கத்தாவுல சீனாக்காரங்க நெறையப் பேரு இருக்காங்களாம். நம்ம தொரைசாணிக்கு இது இல்லாம முடியாது. பாக்கெட்டு தீந்துருச்சுன்னா நான்தான் இப்படி அறுத்துத் தருவேன்."

"மீனு எங்கப்பா?" என்றான் ஏசுதாஸ்.

"மீனு இல்லடா. பேருதான் அப்படி."

"மீனு இல்லாம எதுக்கு மீனுன்னு பேரு?"

பாஸ்கலுக்கே அது தெரியவில்லை. "கல்கத்தாவுல போய்க் கேளு" என்றான்.

சோற்றுப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதில் போட்டு, சும்மா ஒரு கொதி வந்ததும் மூங்கில் தட்டில் வடித்து, குழாய்த் தண்ணீரை ஊற்றி அலசினான். மலைத் தண்ணீர், ஐஸ் மாதிரி இருக்கும். "சூட்டோட விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் களி ஆயிரும்" என்றான், பிலோமியைப் பார்த்து. அவள் தலையாட்டினாள். கோசையும் கேரட்டையும் குச்சிகுச்சியாக நறுக்கியிருந்தான். இருப்புச்சட்டியை வைத்து, கவாத்துக் குச்சியை அள்ளிப் போட்டுத் தீயை எழுப்பினான். எண்ணெய், தட்டிய பூண்டு, இஞ்சி, கீறிய மிளகாய். காய்களைப் போட்டதும் சடசடவென்று சத்தம். கிண்டாமல் சட்டியையே துணியால் பிடித்துக் குலுக்கினான்.

"கறுப்பா ஒரு தண்ணி ஊத்தணும். பாட்டில்ல வரும். அது தொரைசாணியோடது, எடுக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே, கரண்டியில் வெல்லத்தைப் போட்டுத் தீயில் காட்டினான். வெல்லம் உருகி, பொங்கி, கறுத்துப் புகைந்தது. அதில் புளித்தண்ணீரையும் உப்பையும் விட்டதும் சீறி எழுந்தது. அப்படியே சட்டியில் கொட்டி, அலசிய இழைகளையும் போட்டுப் புரட்டினான். ஓரத்தில் ஒரு முட்டையை உடைத்துக் கிளறிச் சேர்த்தான். மிளகுத்தூள், மேலே வெங்காயத்தாள். அடுப்பில் ஏற்றி இறக்கிய இந்த நேரத்துக்கு உலை வைத்துச் சோறு பொங்கியிருந்தால் அரிசி இன்னும் பாதிதான் வெந்திருக்கும்.

மணம் லயம் முழுக்கப் போயிருக்க வேண்டும். சுருளியம்மாள் கதவைத் தட்டி, "என்னாது கருகுது, பிலோமி?" என்று எட்டிப் பார்த்தாள். அடுப்பு முன்னால் பாஸ்கல் இருப்பதைப் பார்த்ததும், வந்த சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள். ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தான். அவள் நின்ற இடத்திலேயே இரண்டு வாய் தின்றுவிட்டு, கிண்ணத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பிள்ளைகள் சாப்பிட்டதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நுனியை வாயில் வைத்து உறிஞ்சினால் மறு நுனி மூக்கில் அடித்துக்கொண்டு உள்ளே போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பிலோமிக்குப் பாஸ்கல் கரண்டி கொடுத்தான். இடது கையில் கரண்டி நிற்கவில்லை, இழைகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. கடைசியில் அவள் கரண்டியை வைத்துவிட்டு இடது கை விரலாலேயே எடுத்துத் தின்றாள்.

இனிப்பும் புளிப்பும் காரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கோசு வெந்தும் வேகாமலும் நறுக்கென்று இருந்தது. அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. பாதித் தட்டு காலியானபோது சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. இத நீங்க எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"இந்தத் தொரைசாணி வந்தப்ப. தாசு அப்ப கைக்குழந்தை."

பிலோமி ஏசுதாஸைப் பார்த்தாள். மோவாயெல்லாம் மசாலாவோடு அவன் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நான் கோதுமையக் கோழிக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

பாஸ்கல் அவளிடம் பாராட்டை எதிர்பார்த்திருந்தான். "நீ கேக்கலையே" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சாத்தான கேக்குறதுக்கு?"

"ஆம்பள வேல முடிஞ்சு வந்து வீட்டுலயும் அடுப்பு முன்னால உக்காந்தா பாக்குறவன் என்ன சொல்லுவான்? அங்க செய்றது சம்பளத்துக்கு."

"நான் கொழுந்து எடுக்குறதும் சம்பளத்துக்குத்தான். அப்புறம் வந்து பொங்குறேனே, அது எதுக்கு?"

அவன் எழுந்து தட்டைக் கழுவப் போனான். பிலோமி மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தாள். கோபம் இருந்தது, ஆனாலும் ருசி குறையவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு பாஸ்கல் கதவைச் சாத்திக்கொண்டாவது சமைத்தான். மத்தியான நேரத்தில் வந்து அவள் சொல்லச் சொல்லக் குழம்பு வைத்தான். மிளகாய் அளவு பிடிபட்டது. புதன்கிழமை தோறும் சௌமீன். ஒரு தடவை பீன்ஸ் போட்டான், ஒரு தடவை அணைப் பக்கத்திலிருந்து மீன் கிடைத்தபோது அதை வறுத்து உதிர்த்துப் போட்டான். "இப்பத்தான் பேரு சரி" என்றான் ஏசுதாஸ். புஷ்பமேரி காலையில் வாசல் கூட்டித் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஒரு நாள் விடாமல் பள்ளிக்கூடம் போனாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து வெளுத்திருந்தது. இன்னும் ஒரு வாரம் கனமாக எதுவும் தூக்க வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள். பிலோமி பழைய சேலைத் துண்டால் கையைச் சுற்றித் தொட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்த வாரம் முடிந்தது. கையில் வலி இல்லை. விரல்களை மடக்க முடிந்தது, குடத்தைத் தூக்க முடிந்தது. ஆனாலும் பாஸ்கல் வரும் நேரத்துக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டாள். முதல் நாள், ஓணப் பரீட்சை முடியட்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டாள். பரீட்சை முடிந்த பிறகும் சுற்றிக்கொண்டாள். துண்டை அவிழ்த்தால் அன்றோடு அவன் அடுப்பைவிட்டு எழுந்துவிடுவான், பிறகு ஒருநாளும் உட்கார மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பொய் என்பதும் தெரிந்திருந்தது. சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இருந்துவிட்டாள்.

ஒரு நாள் பாஸ்கல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். மேல் ரோட்டு வளைவில் இறங்கும்போது, கீழே குழாயடியில் பிலோமி நிரம்பிய குடத்தை வலது கையால் தூக்கி இடுப்பில் வைப்பதைப் பார்த்தான். கூடவே சுருளியம்மாள் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கேயே ஒரு பீடியைப் பற்றவைத்து முழுசாகக் குடித்து முடித்துவிட்டு வந்தான்.

வீட்டில் பிலோமி துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அடுப்பை மூட்டினான். வெங்காயம் அரிந்தான். குழம்பு கொதிக்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, "கை எப்படி இருக்கு?" என்றான்.

அந்தக் குரலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. துண்டை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரியாயிருச்சு. பத்துப் பதினஞ்சு நாளாச்சு."

"என்னைய முட்டாளாக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டிருந்தீங்களா, நீயும் அவளும்?"

"சிரிக்கல. நீங்க வைக்கிறதச் சாப்பிடணும்போல இருந்துச்சு. வேலை பாக்காம ஒரு வாய் சோறு திங்கணும்போல இருந்துச்சு. கேட்டா தருவீங்களான்னு தெரியல."

பாஸ்கல் திரும்பிப் பார்த்தான். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. முழங்காலில் கையை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு பொங்கி வழியப் போனது. அவன் திரும்பி மூடியை நகர்த்தினான்.

"கேட்டிருந்தா திட்டியிருப்பேன்" என்றான். அது உண்மைதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"நாளைக்கு நான் கொழுந்துக்குப் போறேன். கங்காணிகிட்டச் சொல்லிக்கிடுறேன். மத்த நாளு நான் பாத்துக்கிடுறேன். புதங்கிழமை மட்டும் நீங்க."

"சீட்டு?"

"சமைச்சிட்டுப் போங்க. யாரு வேணாங்குறா?"

அவன் அப்போது சரி என்று சொல்லவில்லை. குழம்பை இறக்கி வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனான். அந்த வாரம் முழுக்க அதிகம் பேசவும் இல்லை. பிலோமி விடிவதற்கு முன் எழுந்து கஞ்சி வைத்து, கொழுந்துக்குப் போய், வந்து, சோறு பொங்கினாள். பழையபடி ஆகிவிட்டது என்றே நினைத்தாள்.

புதன்கிழமை அவள் கொழுந்தை எடை போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்திருக்க வீட்டுக்கு ஏறும்போது இருட்டிக்கொண்டு வந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே பாஸ்கல் பலகையைக் கவிழ்த்துப் போட்டு மாவு தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் சுடலை குந்தி உட்கார்ந்து, இதற்குப் பச்சை மாவை ஏன் கழுவவேண்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். சுருளியம்மாள் அவன் கையில் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"மாவக் கழுவல, வெந்தப்புறம் கழுவுறது. பேசாம பாரு" என்றான் பாஸ்கல். பிலோமியைப் பார்த்து, "வெந்நி போட்டிருக்கேன், கால நனைச்சுக்க" என்றான்.

அவள் வெந்நீரில் கால் கழுவிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெங்காயத்தை எடுக்கப் போனாள். "வேணாம், வை" என்றான். வைத்துவிட்டாள். புஷ்பமேரி ஏதோ பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்புச் சூடு முகத்தில் பட்டது. பிலோமி தலையைச் சுவரில் சாய்த்ததுதான் தெரியும், தூங்கிப்போனாள். எழுப்பியபோது மடியில் தட்டு இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது.

வலது கையால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"மிளகு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றாள்.

பாஸ்கல் மிளகுப் பொடிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுச் சுடலையின் கிண்ணத்தில் அள்ளிப் போட்டான்.